ரோமாபுரிக்குக் கும்பாபிஷேகம்

போன மாதம் நித்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். சென்னையில் நான் ஆயுசு முழுக்க வேலை பார்த்த காகிதப் பாதுகாப்பு ஆய்வகத்தில் என் மேசை இப்போது அவளுடையது. பழைய அச்சுப்படம், வரைபடம், பத்திரம் எதுவானாலும் செல்லரித்தோ பூஞ்சை பிடித்தோ வந்தால், அதை இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும்படி செய்து அனுப்புவது எங்கள் தொழில்.

“மேடம், புதுசா ஒரு மென்பொருள் வாங்கியிருக்கோம். கிழிஞ்ச படத்தை ஸ்கேன் பண்ணிக் கொடுத்தாப் போதும். இல்லாத பாகத்தை அதுவே வரைஞ்சு முடிச்சிடுது” என்றாள்.

“யாரைக் கேட்டு முடிக்குது?” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த ஆய்வகத்துச் சுவர்களுக்குக்கூடத் தெரியும்.

“இல்லாததை வரைஞ்சு முடிக்கிறது ஒண்ணும் புது வித்தை இல்லடி. எங்க பக்கம் ராஜபாளையத்துல ஒருத்தர் பேனாவை வச்சே ரோமாபுரிக்குக் கும்பாபிஷேகம் பண்ணியிருக்கார்” என்றேன்.

அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சேர்ந்திருக்கிற பிள்ளைகள் படிக்கட்டும், எழுதித் தாருங்கள் என்று வாரம் ஒரு தடவை நச்சரிக்கிறாள். சரி, எழுதுகிறேன். ஆனால் அதை வேடிக்கைக் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ராஜபாளையமும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அப்பா கணக்கு வாத்தியார், சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கும் அவர்தான் பொறுப்பு. வேதியியல் படித்துவிட்டு, ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைத்துத்தான் அந்த வேலைக்கு மனுப் போட்டேன். போய்ப் பார்த்தால் அடுப்பும் கோதுமை மாவும் இருந்தன. முதல் வருடம் பசை காய்ச்சினேன். அடுத்த வருடம் ஒற்றுத்தாள் வெட்டினேன். அதற்குப் பிறகுதான் ஒரு காகிதத்தைத் தொடவே விட்டார்கள். பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் கிடையாது. கட்டி தட்டாமல் பசை காய்ச்ச இன்றைக்கும் வரும்.

எங்கள் மேலாளர் பத்மநாபன் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேச மாட்டார். காகிதத்தைத் தொடுமுன் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வயதாகி விரல் தடித்து மோதிரம் கழலாமல் போனபோது, நகைக்கடையில் கொடுத்து வெட்டியே எடுத்துவிட்டார். ஈரத் தாளைத் தூக்குவதற்கு முன்னால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் அறையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரணமாக என்னை “வா எஸ்தர்” என்பார். “வாங்க எஸ்தர், உக்காருங்க” என்றால் அன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். “சுத்தம்” என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லக் கூடாது. “சுத்தம் பண்றதெல்லாம் வீட்டுல. இங்க எடுக்கிறோம். எடுத்தா திரும்ப வைக்க முடியுமான்னு கேட்டுட்டு எடு” என்பார். எந்த வேலை வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். இது யாருடையது? அதற்குப் பதில் தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வைக்க விட மாட்டார்.

அதை நான் முதலில் புரிந்துகொண்டது என் சொந்த ஊரில், ஒரு ஜவுளி வியாபாரி வீட்டில். அவருடைய தாத்தாவின் எண்ணெய்ச் சாய ஓவியம் ஒன்று எண்பது வருடத்துச் சாம்பிராணிப் புகையேறிக் கறுத்திருந்தது. அந்த மாதிரி மெல்லிய கறையை எடுக்க எச்சிலை விடச் சிறந்த மருந்து கிடையாது. உலகமெங்கும் எங்கள் தொழிலில் செய்வதுதான். பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்துத் தாத்தாவின் கன்னத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தேன். வியாபாரி உள்ளே வந்தார்.

“ஏட்டி! எங்க தாத்தா மூஞ்சில எச்சிலயா தடவுத? என்ன அழிச்சாட்டியம் இது!”

நான் பதிலுக்குப் பதில் கத்தியிருப்பேன். சார் என்னைக் கையமர்த்திவிட்டு, எச்சிலில் என்ன இருக்கிறது, அது கறையை எப்படிக் கரைக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். “உங்க தாத்தா. உங்க முடிவு. வேண்டாம்னா இப்பவே குச்சியைக் கீழ வச்சிடறோம்” என்றார். வியாபாரி செத்த நேரம் யோசித்தார். பொறவு சட்டைக் கையை மடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஊரான் எச்சி எதுக்கு? பேரன் எச்சின்னா தாத்தா கோவிச்சுக்க மாட்டாரு. குச்சியக் கொடு” என்றார். அன்று சாயங்காலம் வரை அவர் நனைத்து நனைத்துக் கொடுத்தார், நான் துடைத்தேன். கடைசியில் தாத்தாவின் காதில் கடுக்கன் மின்னியது. தன் எச்சிலால் வந்த கடுக்கன் என்று அந்த மனுஷர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ராஜபாளையத்து வேலை அதற்குப் பல வருடம் கழித்து வந்தது.

நூற்பாலை நடத்தும் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். முதலாளி ஜெகன்னாதனுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். முன்கூடத்துச் சுவரில் நான்கு அச்சுப்படங்கள் தொங்கியிருக்கின்றன. ஓர் அடைமழையில் கூரை ஒழுகி, சுவர் ஓதம் ஏறி, படங்களின் பின்னால் தண்ணீர் இறங்கிவிட்டது. சென்னைக்குக் கொண்டுவரலாம் என்றால் தொட்ட இடம் பொரி மாதிரி உதிர்கிறது. எனவே சாரும் நானும் பெட்டி படுக்கையோடு போனோம். ஆலையில் பஞ்சைப் பரிசோதிக்கும் அறையில் வெப்பமும் ஈரமும் எப்போதும் ஒரே அளவாக வைத்திருப்பார்கள். எங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கேயே மேசை போட்டுக்கொண்டோம்.

படங்களைப் பார்த்ததும் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏறத்தாழ நானூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், மறுமலர்ச்சிக் காலத்தில், ரோமாபுரியில் அச்சானவை. அந்தக் காலத்துக் கலைஞர்கள் பழைய ரோமர்கள் கட்டிய அரங்கங்களும் வெற்றி வளைவுகளும் குளிப்பு மண்டபங்களும் இடிந்து கிடந்ததைப் போய்ப் பார்த்து, இடிந்தபடியே செப்புத் தகட்டில் கீறி, அச்செடுத்து விற்றார்கள். அவர்களுக்கு இடிபாடுதான் அழகு. கல்லிடுக்கில் முளைத்த புதரைக்கூட இலை இலையாக வரைந்திருப்பார்கள். அப்படிப்பட்ட படம் ராஜபாளையத்துச் சுவருக்கு வந்ததற்குக் காரணம் ஜெகன்னாதனின் அப்பா. ஆலைக்கு எந்திரம் பூட்ட வந்த இத்தாலிக்காரர் ஒருவர் சிநேகிதத்துக்கு அடையாளமாக அவருக்குக் கொடுத்தாராம்.

நான் கொலோசியம் என்ற அரங்கத்தின் படத்து மேல் பூதக்கண்ணாடியை வைத்தேன். வைத்ததும் பக்கென்று சிரித்துவிட்டேன்.

மதில் இடிந்து வானம் தெரிய வேண்டிய இடத்தில், நீல எழுத்துமையால் யாரோ மிச்சக் கட்டடத்தைக் கட்டி முடித்திருந்தார்கள். அதுவும் எப்படி? வளைவுக்கு மேல் வளைவாக அல்ல, எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் மாதிரி நிலை நிலையாக. மேலே வரிசையாகக் கலசங்கள். வெற்றி வளைவுக்கும் அப்படியே. மூன்று தூண் மட்டும் நின்ற கோயிலுக்கு மண்டபமே எழும்பியிருந்தது.

“சிரிச்சுக்க தாயி. பாக்கவுக எல்லாரும் சிரிக்கதுதான்.”

வாசலில் ஜெகன்னாதனின் அம்மா ரங்கம்மா நின்றிருந்தார். வெள்ளைச் சேலை, நல்ல உயரம், எழுபதை நெருங்கும் வயது. நான் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். எந்த ஊர் என்று கேட்டார். சீவில்லிபுத்தூர் என்றேன். “எனக்கு வன்னியம்பட்டி. நம்ம பக்கந்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கதையை ஜெகன்னாதன்தான் சொன்னார். அவருடைய பாட்டிக்கு அந்தப் படங்கள் ஆகவே ஆகாது. இடிந்த கட்டடத்தை வீட்டில் மாட்டினால் குடும்பம் இடியும் என்று தினமும் புலம்புவாராம். அப்பா ஒருநாள் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டார். பாட்டிக்கு நிம்மதி. இத்தாலிக்காரர் விருந்துக்கு வந்தபோது திகைத்துப்போய்க் கேட்டிருக்கிறார். “எங்க ஊர்ல இடிஞ்சதை அப்படியே விட மாட்டோம். கட்டிருவோம்” என்றாராம் அப்பா. அன்றிலிருந்து ஊரில் அவருக்கு ‘ரோமாபுரியார்’ என்று பெயர். கும்பாபிஷேகம் எப்போ வச்சிருக்கீங்க என்று கல்யாண வீடுகளில் கேலி பேசியிருக்கிறார்கள். படித்தவர்கள் யாராவது வந்தால், இப்பேர்ப்பட்ட பொக்கிஷத்தை இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

“எனக்கு எட்டு வயசுல அப்பா போயிட்டார். அவர் கையால எழுதினது, வரைஞ்சதுன்னு எங்கிட்ட இருக்கது இந்த நீலக் கோடு மட்டுந்தான். சின்னதுல இந்தக் கலசத்தை எண்ணித்தான் நான் எண் படிச்சேன். மழைக்கறையை எடுங்க, பூஞ்சையை எடுங்க. அப்பா கோட்டுல கை வைக்கக் கூடாது” என்றார் ஜெகன்னாதன்.

ரங்கம்மா மகனைப் பார்க்காமல் சாரைப் பார்த்துச் சொன்னார்.

“அந்த நீலத்தத்தான் முதல்ல எடுக்கணும்.”

வேலை என்று பார்த்தால் அங்கேதான் முடிச்சு. எந்த மையானாலும் சொட்டுச் சோதனை செய்யாமல் நாங்கள் தொடுவதில்லை. ஓர் ஓரத்தில் ஊசி முனையளவு தண்ணீர் வைத்து, கொஞ்சம் பொறுத்து, ஒற்றுத்தாளால் அழுத்திப் பார்ப்போம். அச்சின் கறுப்பு அசையவே இல்லை. எண்ணெயில் குழைத்த மை அது, கடலில் போட்டாலும் நிற்கும். பேனாவின் நீலமோ ஒற்றுத்தாளில் பளிச்சென்று இறங்கியது. ஆனால் காகிதத்தைக் கழுவாமல் விட முடியாது. மழைத்தண்ணீர் விட்ட பழுப்புக் கறை அமிலம். அது இருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் தாள் தூளாகிவிடும். கழுவினால் கறையோடு அப்பாவும் போய்விடுவார்.

சார் ஒரு வழி சொன்னார். தண்ணீரே படாமல் எரிசாராயக் கரைசலில் மட்டும் நனைத்து எடுக்கலாம். கறை பாதிதான் போகும், ஆயுசும் பாதிதான் கூடும், ஆனால் நீலம் நிற்கும். அவருக்கு அதுதான் இஷ்டம். பிற்காலத்தில் சேர்ந்தது எல்லாம் அழுக்கு இல்லை, அதுவும் அந்தக் காகிதத்தின் வாழ்க்கைதான் என்பது அவர் கட்சி. ஜெகன்னாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரங்கம்மா அசையவில்லை.

“அவுக ஆசப்பட்டு வாங்குனது இடிஞ்ச படம். இடிஞ்சதாவே இருக்கட்டும்.”

“அம்மா, இத்தன வருசம் இல்லாம இப்ப என்ன? அப்பா ஞாபகமா இருக்கது உனக்கு உறுத்துதா?”

“ஒத்துரா” என்றார் அவர் தெலுங்கில். வேண்டாம்டா, பேசாதே என்பதுபோல. அதற்கு மேல் காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளையிடம் இருக்கிற ஒரே கோட்டையும் அழிக்கச் சொல்கிறாரே, இது என்ன மனசு என்று நினைத்தேன்.

சார் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “இது யாருடையது?”

ஜெகன்னாதன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். தரையைப் பார்த்துக்கொண்டு, “வீடும் வீட்டுச் சாமானும் அம்மா பேர்லதான்” என்றார்.

சார் எழுந்து ரங்கம்மாவுக்கு எதிரில் போய் நின்றார். “நீங்க ஒரு தடவை நல்லா யோசிங்க அம்மா. போனது போனதுதான். நாளைக்கு நீங்களே கேட்டாலும் என்னால திரும்பக் கொண்டுவர முடியாது” என்றார். அவர் குரலில் மரியாதை ஏறிப்போயிருந்தது. அதன் அர்த்தம் எனக்கு மட்டும் தெரியும்.

“எனக்குத் தெரியும்யா. நான் யோசிச்சு எம்புட்டோ வருசமாச்சு” என்றார் ரங்கம்மா.

எதையும் எடுப்பதற்கு முன்னால் அதை அப்படியே படியெடுத்து வைப்பது எங்கள் வழக்கம். புகைப்படம் எடுப்போம், அது போதாதென்று கண்ணாடி போன்ற தாளை மேலே விரித்துக் கையாலும் ஒவ்வொரு கோடாகப் பிரதி எடுப்போம். எடுக்கப்போவது என்னவென்று எடுக்கிறவன் கைக்குத் தெரிய வேண்டும் என்பார் சார். வழக்கமாக அது என் வேலை. நான் பேனாவைத் திறக்கும்போது ஜெகன்னாதன் வந்து, “அதை நான் போடலாமா?” என்று கேட்டார். சார் தலையாட்டினார்.

ஆலைக்கே முதலாளி, என்னிடம் மாட்டிக்கொண்டார். “கைய ஊன்றாதீங்க.” “மூச்சை விட்டுட்டுக் கோடு போடுங்க.” “இது ஆலை இல்ல, வேகத்தக் காட்டாதீங்க.” மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காலையில் வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். தளவாய்புரத்தில் ஏதோ விசேஷம் என்று ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. அப்பாவின் கை போன வழியிலேயே மகன் கை போய்க்கொண்டிருந்தது. ஒரு கலசத்தை முடித்துவிட்டு, “எங்கப்பா கலசத்துக்குக் கீழ இருந்து மேல கோடு இழுத்திருக்கார் மேடம். நானும் அப்படித்தான் இழுப்பேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து போய்த் தேவையில்லாமல் பசை காய்ச்சினேன்.

மூன்றாவது படத்தில் அவர் கை நின்றது. “முந்தின ரெண்டுலயும் பாத்தேன். அங்கங்க மட்டும் ஏன் கோடு தடிச்சு, பிசிறு பிசிறா இருக்கு?”

விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். அந்த இடங்களில் தாளின் மேற்பரப்பு சுரண்டப்பட்டிருந்தது. பழைய காகிதத்தின் மேல் வஜ்ஜிரம் என்ற பசையின் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டிவிட்டால் மை ஊறிப் பரவும். “முதல்ல பிளேடால சுரண்டியிருக்காங்க. அதுக்கு மேலதான் பேனாவால வரைஞ்சிருக்காங்க. கல்லுல முளைச்ச செடியை மட்டும் தேடித் தேடிச் சுரண்டியிருக்கு பாருங்க” என்றேன்.

“செடியையா? அப்பாவா?”

“வேற யாரு?” என்றேன் நான். சொன்ன வேகத்தில் அடுத்த தாளை எடுக்கத் திரும்பிவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த ரங்கம்மா எழுந்து வெளியே போனார்.

பிரதி முடிந்த மறுநாள் காலையில் கழுவினோம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரிக் கடையில் வாங்கிய வடிநீரைச் சார் சோதித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். கொலோசியத்தை ஒரு மெல்லிய துணிப்படுகையில் கிடத்தினேன். வறண்ட தாளைத் திடீரென்று தண்ணீரில் விட்டால் அங்கங்கே குடித்து முறுக்கிக்கொள்ளும். அதனால் முதலில் எரிசாராயமும் தண்ணீரும் கலந்து பனி மாதிரித் தெளித்தோம். பிறகு படுகையோடு தட்டில் மெள்ள இறக்கினோம்.

ஜெகன்னாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா அவர் பக்கத்தில்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல் நிலையிலிருந்து நீலம் கிளம்பியது. கோடு கோடாக இருந்தது நூலாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. கலசங்கள் ஒவ்வொன்றாகக் கலங்கின. அடியிலிருந்து பழுப்பும் எழுந்து வந்து இரண்டும் கலந்தன. தண்ணீரை மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். மூன்றாவது தண்ணீரில் நீலம் இல்லை. இத்தனை வருட வேலையில் நான் எடுத்த கறைக்குக் கணக்கில்லை, ஒன்றுக்கும் அழுததில்லை. அன்றைக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். சார் பார்த்தும் பார்க்காதவர்போல மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்துத் தூக்கி ஒற்றுத்தாளின் மேல் கிடத்தினோம்.

கொலோசியம் பழையபடி இடிந்து கிடந்தது. உடைந்த மதிலுக்குப் பின்னால் வானம் வெறுமையாகத் திறந்திருந்தது. என்ன அழகு தெரியுமா அது! ஆனால் கல்லிடுக்குகளில், செடிகள் இருந்த இடத்தில் எல்லாம், வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. நீலம் அத்தனை நாளும் அதை மூடி வைத்திருந்தது.

ஜெகன்னாதன் குனிந்து பார்த்தார். “ஏம்மா, அப்பா கட்டுறதுன்னா சும்மா கட்டியிருக்கலாமே. எதுக்கு இப்படிச் சுரண்டிவச்சார்?”

“அவுக சுரண்டல. நான்.”

ரங்கம்மா முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“நீ வயித்துல இருந்த. அதுக்கு முந்தி ஒண்ணு தங்காமப் போச்சு. அத்தை இந்தப் படத்தக் காட்டிக் காட்டித்தான் என்னையப் பேசுவாக. எங்க பக்கம் கோபுரத்துல அரசங்கன்னு முளைச்சா, கயித்தக் கட்டி ஆள இறக்கிப் பிடுங்கிருவாக. விட்டா வேரு கல்லப் பொளந்துரும். இந்தச் செடி இருக்கதாலதான் வீடு வெளங்கலன்னு எனக்குப் புத்தில ஏறிருச்சு. மத்தியானம் எல்லாரும் கண்ணசந்த நேரம் படத்த எறக்கி, பிளேட வச்சு ஒண்ணு விடாம எடுத்துட்டேன். நாலு படத்துலயும். எடுத்த பொறவுதான் பாக்கேன், படம் பூரா பொத்தலும் புண்ணுமா இருக்கு.”

“அப்பா?”

“சாயங்காலம் வந்தாக. பாத்தாக. அம்புட்டு ஆசையா வச்சிருந்த படம். மறுநாளு அந்த வெள்ளக்காரரு வேற விருந்துக்கு வாராரு. ஒரு வார்த்த சொல்லல. என் மூஞ்சியப் பாத்துட்டு, பேனாவ எடுத்து உக்காந்துட்டாக. ‘அம்மா கேட்டா நான் செஞ்சதுன்னு இருக்கட்டும். யாரு கேட்டாலும் நான்தான். நீ வாயே தொறக்கக் கூடாது’ன்னு சத்தியம் வாங்கிட்டாக.”

“பாட்டி போன பிறகாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“அத்தை போற வரைக்குந்தான்னு நானும் நெனச்சேன். அதுக்கு முந்தி அவுக போயிட்டாக. யாருகிட்டப் போய் சத்தியத்தத் திருப்பிக் கேக்க?” அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஊரே சிரிச்சுச்சு. படிச்ச மனுசருக்குப் புத்தி போன போக்கப் பாருன்னு எங்காது படப் பேசுனாக. அவுக சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டாக. செத்த பொறவும் விடல. வாரவன் போறவன் எல்லாம் அந்த நீலத்தப் பாத்துல்லா சிரிக்கான்.”

ஜெகன்னாதன் அந்த ஈரத் தாளின் பக்கம் திரும்பினார். “இதை முந்தியே சொல்லியிருந்தா நான் கழுவ விட்டிருக்கவே மாட்டேன்” என்றார்.

“அதான் சொல்லல.”

எனக்குத் தலை நிமிரவில்லை. நானும் சிரித்தவள்தானே. பத்மநாபன் சார் மட்டும் வேலையிலேயே கண்ணாக இருந்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு ரங்கம்மாவின் அருகே போய், காகிதக் கூழால் அந்தச் சுரண்டிய இடங்களை நிரவி, மெல்லிய சாயம் கொடுத்தால் பார்க்கிறவர் கண்ணுக்கே தெரியாது, அது எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக் கூடியதுதான், செய்துவிடலாமா என்று கேட்டார்.

ரங்கம்மா எழுந்து வந்து படத்தின் முன்னால் நின்றார். தொடவில்லை.

“வேண்டாம்யா. அதுல யாரும் கை வைக்காதீங்க. நாளைக்கு யாராச்சும் வந்து, இம்புட்டு நல்ல படத்தக் கெடுத்தது யாருன்னு கேட்டா, அவுக இல்ல, அவுக பொண்டாட்டின்னு சொல்லணும்.”